வேல்ராஜின் காதும் நல்லொலி மன்றமும்

தென்காசியில் ஒருவன் பொறாமையில் வெந்து சாக வேண்டுமென்றால் அதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டியதில்லை. உள்ளூரிலேயே ஒரு சகலை இருந்தால் போதும்.

வேல்ராஜுக்கு இருந்தார். பெயர் ஜெகதீஸ்வரன். செங்கோட்டை ரோட்டில் மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவர். வேல்ராஜின் மனைவி சங்கரேஸ்வரிக்கு ஒரே தங்கையான ஆனந்தவள்ளியைக் கட்டியவர். மூத்த சகலை என்கிற முறையில் வேல்ராஜ் இதுநாள் வரைக்கும் அவரை அன்பாகத்தான் நடத்திவந்தார். அன்பு என்றால், தன்னைவிட ஒரு படி கீழே இருக்கிறவன்மேல் நமக்கெல்லாம் தன்னால் சுரக்குமே, அந்த அன்பு.

ஆனி மாதம் சாரல் தொடங்கிய வாரம் வேல்ராஜ் காய்கறி வாங்கப் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பட்டு வேட்டி கட்டிய ஜெகதீஸ்வரன் வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். கீழே எழுதியிருந்தது: ‘ஒலியின் உள்ளொலி கண்ட எங்கள் பெருஞ்செவியர் ஜெகதீஸ்வரன் அவர்களை வணங்கி மகிழ்கிறோம். இவண், தென்பொதிகை நல்லொலி மன்றம்.’

வேல்ராஜ் மூன்று முறை படித்தார். ரம்பத்துக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றதில் ஜெகதீஸ்வரனின் இடது காது எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது நினைத்தால் வேலைக்கு வரும், நினைக்காவிட்டால் லீவு. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் ஆனந்தவள்ளி அறையின் டியூப் லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போடுவாள். இதைக் குடும்பத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பெருஞ்செவியராம்! வேல்ராஜ் காய்கறி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. காது விஷயத்தில் அந்தக் குடும்பத்தில் யாருக்காவது பட்டம் வர வேண்டுமென்றால் அது வேல்ராஜுக்குத்தான் வந்திருக்க வேண்டும். காவல்துறையின் வயர்லெஸ் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். மழைக்காலத்தில் சிவகிரியிலிருந்து வரும் குரல் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல வரும். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும்போது வேல்ராஜ் அதற்குள்ளிருந்து ஒரு லாரியின் நம்பரை உருவியெடுத்து எழுதுவார். பேசுகிறவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே, இரைச்சலை வைத்தே, கீழப்பாவூரா சிவகிரியா என்று சொல்லிவிடுவார். அதற்காக எஸ்.பி. கையெழுத்துப் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று ஹாலில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த சொத்து இரண்டு காதுகள்தான்.

ஓய்வு பெற்றதும் அந்தக் காதுகளுக்கு நன்றிக்கடனாக ஒரு நல்ல சவுண்ட் செட் வாங்கினார். இன்டர்நெட்டிலிருந்து பாட்டை இழுத்துக் கொடுக்கும் ஒரு பெட்டி, இரண்டு ஸ்பீக்கர். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டுப் போட்டால் ஏழு வரைக்கும் ஓடும். அவர் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். சங்கரேஸ்வரி கீழே உட்கார்ந்து கீரை ஆய்வாள். பிடித்த இடம் வந்தால் இரண்டு பேரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு சுகமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சங்கரேஸ்வரி கீரையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “ஆனந்தி போன் போட்டா. அவ வீட்டுக்காரருக்கு ஏதோ பட்டம் குடுத்திருக்காங்களாம்லா, காதுக்கு.”

“அவன் காதுக்கா?”

“நெட் கேபிளை மாத்துனதும் பாட்டுக்குள்ள வெளிச்சம் வந்துச்சாம். அதை அவரு ஒருத்தருதான் கண்டுபிடிச்சாராம். ‘அத்தான் அத்தனை வருசம் வயர்லெஸ்ல இருந்தாவள்லா, அவியளுக்கு இதெல்லாம் கேக்காதோ’ன்னு கேக்கா.”

வேல்ராஜ் பாட்டை நிறுத்தினார். அவர் வயிற்றில் அன்றைக்குப் பற்றியதை அணைக்க ஐந்தருவித் தண்ணீர் மொத்தத்தையும் திருப்பிவிட்டாலும் காணாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மன்றத்தில் சேர்ந்தார்.

நல்லொலி மன்றம் குற்றாலத்தில், ஐந்தருவி போகிற சாலையில், ஒரு பழைய பங்களாவில் இயங்கியது. மனிதக் காதுக்கு எட்டாத நுண்ணிய ஓசைகளைக் கேட்பதற்கென்று ஏற்பட்ட அந்த மன்றத்தைச் சுற்றி சீசன் முழுக்க இரவும் பகலும் அருவி இரைந்துகொண்டிருந்தது. பேசுகிறவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். ஜெகதீஸ்வரனுக்கு அந்த இடம் ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்று வேல்ராஜுக்கு நுழைந்த உடனேயே புரிந்தது.

தலைவர் நம்பிராஜன், பத்திரங்களைப் பதிவு செய்து ஓய்வு பெற்றவர். ஆள் மாறினாலும் கை மாறவில்லை. மன்றத்தில் சேருகிறவரின் காதுகளை அவர் தனித்தனியாகப் பதிவு செய்தார். வேல்ராஜை நாற்காலியில் உட்கார வைத்து, தலையைத் திருப்பிப் பார்த்து, செயலருக்குச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார்: “வேல்ராஜ் வகையறா வலது செவி ஒன்று. இதற்கு எல்லை: வடக்கே தலைமயிர், தெற்கே தாடை, கிழக்கே கிருதா, மேற்கே பிடரி. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட செவி முழுவதும். வில்லங்கம் ஏதும் உண்டா?”

“இல்லைங்க.”

“குத்திய துளை இருக்கிறதே?”

“சின்ன வயசுல காது குத்துனதுங்க.”

“துளை ஒன்று நீங்கலாக” என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பதிவு முடிந்ததும் செவித் தீர்த்தம். கூட்டம் தொடங்கும் முன் உறுப்பினர் அனைவரும் அருவியில் அரை மணி நேரம் தலை நேராக நிற்க வேண்டும் என்பது விதி. உலக ஓசைகளை அருவி கழுவிவிடுமாம். கழுவியது உண்மைதான். திரும்பி வரும்போது இரண்டு காதிலும் தண்ணீர் அடைத்துக்கொண்டு வேல்ராஜுக்கு ‘ஙொய்’ என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. மற்றவர்களும் தலையைச் சாய்த்து உதறிக்கொண்டும் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டும் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டுப் போட்ட பிறகும் சிலர் தலையை உதறுவது நிற்கவில்லை. செயலர் அதைக் குறிப்பேட்டில் ‘உறுப்பினர்கள் தலையசைத்து ரசித்தனர்’ என்று எழுதினார்.

நம்பிராஜன் எழுந்தார். “அன்பர்களே! ஒலி என்பது என்ன? நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அளக்க முடியுமா? முடியாது. அளக்க முடியாத ஒன்றில் வித்தியாசமே இல்லை என்று எவராவது நிரூபிக்க முடியுமா? முடியாது. ஆகவே வித்தியாசம் உண்டு! இம்மன்றத்தில் இதுவரை நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் நடந்திருக்கின்றன. நூற்றுப் பன்னிரண்டிலும் விலை உயர்ந்த நெட் கேபிளே வென்றது. எது விலை உயர்ந்தது என்பதைச் சோதனைக்கு முன்பே எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறோம். அதனால் எவ்விதக் குழப்பத்துக்கும் இடமில்லை.”

கைதட்டினார்கள். வேல்ராஜ் எழுந்து கேட்டார்: “ஐயா, வெளியில அருவி இப்படி இரையுதே. கேபிளோட வித்தியாசம் எப்படிங்க கேக்கும்?”

நம்பிராஜன் புன்னகை செய்தார். “அருவியின் இரைச்சல் இயற்கையானது. அது செவியைத் தொடாமல் போய்விடும். கேபிளின் இரைச்சல் செயற்கை. அதுதான் உள்ளே தங்கும்.”

மூலையில் ஒரு நீலத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் பெட்டி இருந்தது. முதலில் கடையில் வாங்கிய சாதாரண நெட் கேபிளைச் செருகிப் பாட்டுப் போட்டார்கள். பிறகு மன்றத்தின் கேபிள். மலைப்பாம்புக் குட்டி கனத்தில் இருந்தது அது. பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். ‘ஒலிக்கு இடையிலுள்ள மௌனம் ஆழமானதை உணர்ந்தீர்களா?’ என்பது கேள்வி. பதிலுக்கு இரண்டு கட்டம் போட்டிருந்தது: ‘நன்கு உணர்ந்தேன்’, ‘மிக நன்கு உணர்ந்தேன்’.

வேல்ராஜ் போலீஸ்காரர். எத்தனையோ படிவம் பார்த்தவர். இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு அடியில், ‘இரண்டும் ஒன்றே’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் குறித்துக் கொடுத்தார்.

படிவம் கைமாறிக் கைமாறி மேடைக்குப் போனது. துக்க வீட்டில் பார்ப்பதுபோல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மன்றத்தில் தொடுசெவியர், விரிசெவியர், நுண்செவியர், பெருஞ்செவியர் என்று நான்கு படிகள் இருந்தன. நான்குக்கும் கீழே ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. அதற்கு ‘வெறுங்காது’ என்று பெயர். வெறுங்காதுகளுக்கு நாற்காலி கிடையாது. திரைக்குப் பின்னால் நின்று கேபிள் மாற்றிக் கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷ வயர்லெஸ் காது திரைக்குப் பின்னால் போயிற்று.

“அண்ணாச்சி, மனசைப் போட்டு வருத்திக்கிடாதிய!” ஜெகதீஸ்வரன் ஐந்தருவிக்கே கேட்கும்படி கத்தினார். “எல்லாருக்கும் காது ஒண்ணுபோல அமைஞ்சிராது பாத்துக்கிடுங்க!”

சொன்னவன் கழுத்தைப் பிடித்துப் பேரருவி விழுகிற பொங்குமாங்கடலில் அமுக்கினால் என்ன என்று வேல்ராஜுக்குத் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்? திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாள் முதல் வேலையாகக் காது டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு, இந்த வயசுக்கு இப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை என்று எழுதியே கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாக்டர் சீட்டுக்கு எவன் ஃபிளெக்ஸ் கட்டுவான்?

தெருவுக்கு நெட் இணைப்புக் கொடுத்திருக்கும் சேக் தாவூது அப்போது கம்பத்தில் ஏணி சாய்த்து ஏறிக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷமாக அதே தொழில். வேல்ராஜ் ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: “பாய், நெட் கேபிள் ஒசத்தியா இருந்தா பாட்டு நல்லாக் கேக்குமா?”

“யாரு சொன்னா அண்ணாச்சி?”

“சும்மா கேக்கேன்.”

தாவூது இறங்கி வந்தார். “நீங்க ராஜபாளையத்துல இருந்து ரசப்பொடி பார்சல்ல வரவழைக்கிய. பார்சல் வந்த லாரி புது லாரியா இருந்தா ரசம் ருசிக்குமா?”

“அது எப்படி?”

“அவ்வளவுதான் அண்ணாச்சி. இதுல வருதது பாட்டு இல்ல. கணக்கு. ஒண்ணும் சைபருமா வருது. வந்தா முழுசா வரும். வழியில ஏதும் சிதறிச்சுன்னா உங்க பெட்டி, ‘இது உடைஞ்சு வந்திருக்கு, திருப்பி அனுப்பு’ன்னு கேட்டு வாங்கிக்கிடும். எல்லாத்தையும் வாங்கி வரிசையா அடுக்கி வச்சிக்கிட்டுத்தான் அது பாடவே ஆரம்பிக்கும். நம்புதியளா இல்லையா? வாங்க வீட்டுக்கு.”

வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டார். பாதியில் பெட்டியின் பின்னாலிருந்த கேபிளைப் படக்கென்று பிடுங்கிக் கையில் எடுத்துக் காட்டினார். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேல்ராஜ் கேபிளைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார்.

“முன்கூட்டியே சேத்து வச்சிருக்குல்லா, அதைப் பாடுது. இன்னும் ஒரு நிமிசம்போல ஓடும். தீந்ததும் நிக்கும். கேபிளே இல்லாம பாடுத பாட்டுல கேபிளோட கொணம் எங்கன இருந்து வரும்?”

உண்மை வெட்டவெளிச்சமாகிவிட்டது. உண்மை தெரிந்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்குச் சகலை கிடையாது என்று அர்த்தம். அந்த வாரமே வேல்ராஜ் மன்றத்திடம் ஒரு கேபிள் வாங்கினார். விலையை இங்கே எழுதவில்லை. சங்கரேஸ்வரி படித்தாலும் படிப்பாள்.

வாங்கினால் மட்டும் போதாது. கேபிள் தரையைத் தொடக்கூடாது என்பது மன்றத்தின் விதி. ஒரு சாணுக்கு ஒரு வேங்கைக் கட்டை வைத்து அதன்மேல்தான் கிடத்த வேண்டும். வேங்கைக் கட்டை ஒரே ஒரு மில்லில்தான் கிடைத்தது. அந்த மில்காரர் பெருஞ்செவியர் ஆன கதையும் அங்கேதான் வேல்ராஜுக்குப் புரிந்தது: மன்றத்துக்கு வேண்டிய கட்டை மொத்தத்தையும் ஜெகதீஸ்வரன் இலவசமாகக் கொடுத்திருந்தார். “அண்ணாச்சிக்கு இல்லாததா!” என்று கூவிக்கொண்டே, வேலைக்காரர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, “எங்க மூத்த சகலை. மன்றத்துல வெறுங்காதா இருக்காவ. நல்ல கட்டையாப் பாத்துக் குடுங்கலே!” என்றார். வேல்ராஜ் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். சிரித்ததில் தாடை வலித்தது.

பிறகு பண்பொழிக்குப் போய்த் திருமலைக் கோயில் படி ஏறிக் கேபிளுக்கு அர்ச்சனை. ஜெகதீஸ்வரன் செய்திருந்தார், செய்யாமல் இருக்க முடியுமா? “யார் பேருக்கு?” என்று கேட்டார் அர்ச்சகர். “கேபிள் பேருக்கு” என்றார் வேல்ராஜ். “நட்சத்திரம்?” வேல்ராஜ் கேபிளைப் புரட்டிப் பார்த்தார். அர்ச்சகர் அனுபவஸ்தர். “சாமி பேருக்கே பண்ணிடறேன்” என்று தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கும் மேலே, கேபிள் பழுக்க வேண்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மொட்டை மாடியில் சாரல் காற்று படும்படி, அதிலுள்ள அம்புக்குறி பொதிகையைப் பார்க்கும்படி தொங்க வேண்டும். வேல்ராஜ் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டார். மூன்றாம் நாள் சங்கரேஸ்வரி அதன் பக்கத்தில் ரவிக்கையைக் காயப்போட்டுவிட்டாள். மன்ற விதிப்படி மண்டலத்தை முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

“ஏட்டி, உனக்கு வேற கொடியே கெடைக்கலையா?”

“கேபிளுக்கு வேற கொடி கட்டுங்க. இது என் கொடி.”

மண்டலம் முடிந்து கேபிள் கீழே இறங்கியதும் வீட்டுக்குள்ளும் அதே கதை. ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்தால் கேபிளுக்கு ஆகாது என்று அதைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளினார். பாட்டு ஓடும்போது மிக்ஸி கூடாது, ஃபேன் கூடாது என்றார். கீரை ஆயும் சத்தம் குறுக்கே வருகிறது என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். சங்கரேஸ்வரி கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து போனவள்தான். அதற்குப் பிறகு சாயங்காலம் அவள் ஹாலுக்கு வரவே இல்லை. அடுக்களையில் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு அதில் பாட்டுக் கேட்டாள். கரகரவென்று கேட்டாலும் அவள் வாய்க்குள்ளேயே கூடப் பாடுவது ஹால் வரைக்கும் கேட்டது. இங்கே வேல்ராஜ் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டுக்கு நடுவில் மௌனம் ஆழமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மாதிரி ஒரு பாட்டாவது உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. அதற்குச் சகலை விட வேண்டுமே.

ஆவணியில், சாரல் முடியும் முன், மன்றத்தின் ஆண்டு விழா வந்தது. பெருஞ்செவியர் ஜெகதீஸ்வரன் மேடையில் அமர்ந்து, பழுத்த தன் கேபிளின் குணங்களைக் கேட்டுக் கேட்டு எடுத்துரைப்பார் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் கேபிள் பணி: வேல்ராஜ். அவர் பெயரையும் நோட்டீசில் போட்டிருந்தார்கள், வெறுங்காது என்ற அடைமொழியோடு. வேல்ராஜ் அதைப் படித்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். இந்தப் புளுகை எல்லோரும் பார்க்க உடைப்பது. ஆனந்தவள்ளி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது உடைப்பது.

விழா அன்று காலை அருவியில் வெள்ளம் கொஞ்சம் கூடுதல். செவித் தீர்த்தம் முடிந்து எல்லோரும் தலையை உதறிக்கொண்டு வந்து அமர்ந்தார்கள். ஜெகதீஸ்வரன் மேடையில் கண்ணை மூடினார். வேல்ராஜ் திரைக்குப் பின்னால் கேபிளைச் செருகினார். பாட்டு ஓடியது.

“ஆகா, மேகம் வருது” என்றார் ஜெகதீஸ்வரன். செயலர் எழுதினார்.

பல்லவி முடிந்து பாட்டு நன்றாக ஊறியதும் வேல்ராஜ் கேபிளைப் பிடுங்கினார். கையில் பிடித்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

“ஆகாகா!” ஜெகதீஸ்வரன் உடம்பைச் சிலிர்த்தார். “இப்பத்தான்! இந்தா, இப்பத்தான் கேபிள் முழுசாத் தொறந்துச்சு! இப்படி ஒரு தெளிவை நான் கேட்டதே இல்ல!”

வேல்ராஜ் திரையை ஒரே இழுப்பாக விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கையைத் தூக்கினார். கேபிளின் தலை அந்தரத்தில் ஆடியது.

“எல்லாரும் பாத்துக்கிடுங்க! கேபிள் என் கையில இருக்கு. பெட்டியில எதுவும் இல்ல. இவரு எதைக் கேட்டு ஆகாங்கிறாரு?”

முதல் வரிசையில் ஆனந்தவள்ளியின் முகம் சுருங்கியதை வேல்ராஜ் கண்ணாரப் பார்த்தார். ஜெகதீஸ்வரன் ஒருவர்தான் கண்ணை மூடியபடியே இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தார். வேல்ராஜ் பேசியது அவர் காதில் விழவில்லை. இரண்டு மாதமாக வேல்ராஜ் ஏங்கிய நிமிஷம் அது. அது ஒரு நிமிஷம்தான் இருந்தது. பாட்டு சட்டென்று நின்றது.

செயலர் கடிகாரத்தைப் பார்த்தார். “பெருஞ்செவியர் ‘இப்பத்தான்’ என்றதிலிருந்து எழுபத்தொரு விநாடி” என்றார்.

நம்பிராஜன் எழுந்தார். முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அன்பர்களே! இங்கே என்ன நடந்தது? ஒரு கேபிள் பிடுங்கப்பட்டது. சாதாரணக் கேபிளைப் பிடுங்கினால் பாட்டு நின்றுவிடும். நாம் பிடுங்கிப் பார்த்ததில்லை. ஆனாலும் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். பெருஞ்செவியரின் கேபிளைப் பிடுங்கிய பின்பும் பாட்டு எழுபத்தொரு விநாடி நிற்காமல் ஒலித்தது! தான் நீங்கிய பின்பும் தன் குணத்தை விட்டுச் செல்வதல்லவா மேன்மை? அதுமட்டுமா? கேபிள் நீங்கிய அந்தக் கணத்தைப் பெருஞ்செவியர் கண்ணை மூடிக்கொண்டே ‘இப்பத்தான்’ என்று சுட்டினார். எந்த மனிதச் செவிக்கு இது சாத்தியம்? இதுநாள் வரை கேபிளின் தரத்தை அளக்க முடியாது என்று சொல்லிவந்தேன். அந்தக் கூற்றை இன்று வாபஸ் பெறுகிறேன். தரத்தை விநாடியில் அளக்கலாம். இந்த அளவைக்கு ‘நீங்காக் குணம்’ என்று பெயரிட்டு, இந்த நிமிடம் முதல் அமலுக்குக் கொண்டுவருகிறேன். பெருஞ்செவியர் இன்று முதல் பேரண்டச் செவியர்!”

கைதட்டலில் அருவி கேட்கவில்லை. யாரோ தொடையைத் தட்டி எழுப்பியதும் ஜெகதீஸ்வரன் கண்ணைத் திறந்து கும்பிட்டார். ஆனந்தவள்ளி செல்போனில் படம் எடுத்தாள்.

“ஐயா, எந்தக் கேபிளைப் பிடுங்கினாலும் ஓடும்!” வேல்ராஜ் தொண்டை கிழியக் கத்தினார். “பெட்டிக்குள்ள சேத்து வச்சிருக்கிறது ஓடுது! வேணும்னா என் கேபிள் பையில இருக்கு, அதைப் போட்டுப் பிடுங்கிப் பாருங்க!”

“மன்றம் யாருக்கும் வாய்ப்பை மறுப்பதில்லை” என்றார் நம்பிராஜன்.

வேல்ராஜின் கேபிளைச் செருகிப் பாட்டைப் போட்டார்கள். செயலர் பிடுங்கினார். எல்லோரும் விநாடியை எண்ணினார்கள். பாட்டு நின்றது.

“நாற்பத்து மூன்று” என்றார் செயலர்.

ஓடியதே, நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று வேல்ராஜ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாட்டைப் போட்டதுமே பிடுங்கிவிட்டார்கள், அதற்குள் பெட்டி கொஞ்சம்தான் சேர்த்திருக்கும், அதனால்தான் குறைந்தது என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தும் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

“நாப்பத்து மூணுதானா? சரியாப் பாத்தியளா?”

“வருத்தப்படாதிய அண்ணாச்சி!” என்று கத்தினார் பேரண்டச் செவியர். “இன்னொரு மண்டலம் தொங்கவிடுங்க, ஏறும்!”

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் வேல்ராஜ் செட்டின் முன்னால் உட்கார்ந்தார். பாட்டைப் போட்டார், பிடுங்கினார், கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்தைந்து. திரும்பச் செருகினார். அறுபத்திரண்டு. சாயங்காலம் வரைக்கும் இதுவே நடந்தது. அறுபத்தெட்டுக்கு வந்து அதற்கு மேலே ஏற மாட்டேன் என்றது.

சங்கரேஸ்வரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். “ஏங்க, எதுக்குப் போட்டுப் போட்டு அணைக்கிய? ஒரு பாட்டை முழுசாப் பாட விட மாட்டியளா?”

வேல்ராஜுக்கு அழுகை வரும்போல இருந்தது. விழாவில் நடந்ததையும், தாவூது சொன்ன ரசப்பொடிக் கணக்கையும், நாற்பத்து மூன்றையும், தங்கைக்காரி படம் எடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் நின்றபடியே கேட்டாள்.

“அப்ப கேபிள்ல ஒண்ணுமே இல்ல?”

“ஒண்ணுமே இல்ல.”

“அந்த மன்றமே வெறும் புளுகுமூட்டை?”

“வெறும் புளுகுமூட்டை.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து அவருக்கும் வந்தது. கேபிளின் நட்சத்திரம் என்ன என்று அர்ச்சகர் கேட்டதைச் சொன்னபோது இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஃபிளெக்ஸைப் பார்த்த நாளிலிருந்து அவர் நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

“சனியன் ஒழியட்டும். ஒரு நல்ல பாட்டாப் போடுங்க. நிம்மதியாக் கேப்போம்” என்று சொல்லிச் சோபாவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

பாட்டைப் போட்டார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பல்லவி முடிந்தது.

“ஆனந்தி வீட்டுக்கு எத்தனைன்னிய?” என்றாள் சங்கரேஸ்வரி, கண்ணைத் திறக்காமல்.

“எழுபத்தொண்ணு.”

“நமக்கு?”

“அறுபத்தெட்டு.”

அவள் கண்ணைத் திறந்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். அவர் கையிலிருந்த கடிகாரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நீங்க வெடுக்குன்னு பிடுங்குதிய போலுக்கு, அதான் கொறையுது” என்றாள். “தள்ளுங்க, நான் பிடுங்குதேன்.”